கடல்பனி மேட்டின் உயரம்: நிழல் 2 மீட்டர் என்கிறது, லேசர் 1.5 என்கிறது. எதை எடுப்பது?

பர்கூர் ட்ரோன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பர்கூர், சூளகிரி பக்கம் கிரானைட் குவாரிகளுக்கு ட்ரோன் சர்வே எடுத்துக் கொடுப்பது என் வேலை. எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் கழிவுக்கல் எவ்வளவு குவிந்து கிடக்கிறது என்று கன அளவு போட்டுத் தருவேன். கூடவே தொலைதூரக் கல்வியில் புவித்தகவலியல் முதுகலை படிக்கிறேன். புராஜெக்டுக்குக் குவாரியையே எடுத்துக்கொள், டேட்டா கையிலேயே இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மனசு போய் நின்றது ஆர்க்டிக் கடல்பனியில்.

காரணம் நாசாவின் ஆபரேஷன் ஐஸ்பிரிட்ஜ் படங்கள். 2009 முதல் 2019 வரை விமானங்களில் பறந்து கடல்பனியைப் படம் பிடித்து, கூடவே லேசராலும் அளந்திருக்கிறார்கள். பெயரைப் பதிந்துகொண்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படங்கள், ஒரு பிக்சல் தரையில் சுமார் 10 செ.மீ. வருகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உடைந்த பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாய்ந்து நீளமாக வரிசை கட்டி நிற்பது ஒவ்வொரு கட்டியாகத் தெரிகிறது. வெயில் படும் பக்கம் கண் கூசும் வெள்ளை, மறுபக்கம் நீலம் கலந்த நிழல். ரிட்ஜ் எனப்படும் இந்த மேடுகளின் உயரத்தைப் படத்திலிருந்து எடுப்பதுதான் என் தலைப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அலாஸ்காவுக்கு வடக்கே போஃபர்ட் கடலில், 75 டிகிரி வடக்கு அட்சம் வாக்கில் ஏப்ரலில் எடுத்த ஒரு படத்தில், ஒரு மேட்டின் நிழல் முகட்டிலிருந்து முனை வரை 112 பிக்சல் இருக்கிறது, அதாவது 11.2 மீட்டர். படம் எடுத்த நேரத்துக்குச் சூரியனின் உயரக் கோணம் 10 டிகிரி. டான் 10 என்பது 0.176. பெருக்கினால் 1.97, கிட்டத்தட்ட 2 மீட்டர். ஆனால் அதே இடத்தில் லேசர் புள்ளிகளை எடுத்துச் சுற்றியுள்ள சமதளப் பனியிலிருந்து உயரம் பார்த்தால் 1.5 மீட்டர்தான் வருகிறது. அரை மீட்டர் வித்தியாசம் என்பது என் தொழிலில் சம்பளம் போகிற விஷயம். இன்னொன்று, நிழலின் முனை வெண்பனியில் விழவில்லை. பக்கத்தில் கொஞ்சம் கறுப்பாக, வழவழவென்று ஒரு பட்டை போகிறது, அதன்மேல்தான் போய் முடிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், குவாரியில் செய்கிற மாதிரி அடுத்தடுத்த படங்களைக் கோத்து முப்பரிமாண மாதிரி எடுத்தால் நிழல் தொல்லையே வேண்டாம் அல்லவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் பிக்சல் எழுதியது:

நல்ல தலைப்பு, விட்டுவிடாதீர்கள். நான் படச் செயலாக்கத்தில் வேலை செய்கிறேன், அந்தக் கோணத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

நிழல் முறை துருவத்தில் நன்றாக வேலை செய்வதற்குக் காரணமே சூரியன் தாழ்வாக இருப்பதுதான். நம் ஊரில் ஏப்ரல் 23, 24 வாக்கில் உச்சி வெயிலில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அங்கே அதே மாதத்தில் 2 மீட்டர் மேட்டுக்கு 11 மீட்டர் நிழல் நீள்கிறது. ஆகவே அளப்பதில் ஒரு பிக்சல் தவறினாலும் உயரத்தில் 2 செ.மீ. கூடப் பிசகாது. ஆனால் இதை நம்பி மயங்கிவிட வேண்டாம், உண்மையான பிழை வேறு இடங்களிலிருந்து வருகிறது.

முதலில் திசை. நிழலைச் சூரியன் இருக்கும் திசைக்கு நேராக, முகட்டிலிருந்து மறுபுறமாக அளக்க வேண்டும். மேட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் நீளம் குறைந்துவிடும், கண்ணுக்கு நீளமாகத் தெரிகிற பக்கம் அளந்தால் கூடிவிடும். சூரியத் திசையைக் கணக்கிட்டால் உண்மை வடக்கிலிருந்து டிகிரி கிடைக்கும், ஆனால் அந்தப் படங்கள் துருவ ஸ்டீரியோகிராஃபிக் வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறைகளில் ஒன்று) இருக்கின்றன, மைய தீர்க்கரேகை 45 டிகிரி மேற்கு. அதில் படத்தின் மேல்பக்கம் வடக்கு அல்ல. போஃபர்ட் கடலில் 140 டிகிரி மேற்கில் இருந்தால் வடக்கு 95 டிகிரி திரும்பி நிற்கும், கிட்டத்தட்ட படத்தின் பக்கவாட்டில். நமக்கு யுடிஎம் (பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் வீழல்) பழக்கம், அதில் இந்தத் திருப்பம் ஓரிரு டிகிரியைத் தாண்டாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. 78 டிகிரி கோடு ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போவதால் நான் 43ஆம் மண்டலம், நீங்கள் 44ஆம் மண்டலம். நம் இருவரின் வரைபடத்தைச் சேர்க்கும்போது வருகிற தகராறே போதும் என்றிருக்கும். துருவத்தில் அதைப்போல் பல மடங்கு. படத்தில் துருவப் புள்ளி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு அதை வடக்காக வைத்தால் குழப்பம் தீரும்.

அதே வீழலில் நீளமும் மாறும். 70 டிகிரி அட்சத்தில்தான் அளவு சரி. 75 டிகிரியில் வரைபட நீளம் உண்மையைவிட 1.3 சதவீதம் குறைவு, 80 டிகிரியில் 2 சதவீதத்துக்கு மேல். உங்கள் 11.2 மீட்டர் உண்மையில் 11.35 மீட்டர். உயரம் சரியாக 2 மீட்டர் ஆகிறது. ஆக இந்தத் திருத்தம் உங்கள் வித்தியாசத்தைக் குறைக்காது, கூட்டும்.

அடுத்து நிழலின் ஓரம். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. 10 டிகிரி உயரத்தில் 2 மீட்டர் மேட்டின் நிழல் முனை ஒரே கோடாக முடியாது, தரையில் சுமார் 60 செ.மீ. தூரத்துக்கு மெல்ல மெல்ல வெளுக்கும். 10 செ.மீ. பிக்சலில் அது 6 பிக்சல். முழு இருட்டு முடிகிற இடத்தையோ, வெளிச்சம் முழுதாகத் தொடங்குகிற இடத்தையோ முனையாக எடுக்காமல், பிக்சல் மதிப்பு பாதி வழியில் இருக்கும் இடத்தை எடுங்கள். எல்லா மேட்டுக்கும் ஒரே விதி வையுங்கள், கண்மட்டத்தில் வேண்டாம்.

சூரியன் 5 டிகிரிக்குக் கீழே இருக்கும் படங்களை ஒதுக்கிவிடுங்கள். வளிமண்டலம் ஒளியை வளைத்துச் சூரியனை மேலே தூக்கிக் காட்டும், 5 டிகிரியில் அது சுமார் 10 ஆர்க்மினிட், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு, உயரத்தில் 3 சதவீதப் பிழை. 3 டிகிரியில் 8 சதவீதம். படத்தின் நேரம் கொஞ்சம் தவறாக இருக்குமோ என்று மட்டும் கவலைப்பட வேண்டாம், அந்த அட்சங்களில் சூரியன் மணிக்கணக்கில் கிட்டத்தட்ட படுக்கையாகத்தான் நகர்கிறது.

பாலக்கோடு சர்வேயர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பாக வழவழவென்று ஒரு பட்டை என்றீர்களே, அதுதான்.

பனி வெடித்து வாய் பிளந்த இடம் அது. பிளவில் கடல்நீர் தெரியும், குளிரில் மேலே மெல்லிய பனி படியும். மெல்லிசாக இருப்பதால் அடியிலிருக்கும் நீரின் கறுப்பு தெரிகிறது. அதன் மேற்பரப்பு கிட்டத்தட்ட கடல் மட்டம். பக்கத்தில் நிற்கும் தடித்த பனியோ, தன்மேல் கிடக்கும் தூவிப்பனியோடு சேர்த்துக் கடல் மட்டத்துக்கு மேலே 30, 40 செ.மீ. நிற்கும். உங்கள் நிழலின் முனை தாழ்வான பட்டையில் போய் விழுகிறது. அப்படியானால் நிழல் சொல்லும் 2 மீட்டர் என்பது கடல் மட்டத்திலிருந்து முகடு வரை. லேசரில் நீங்கள் எடுத்த 1.5 என்பது சமதளப் பனியிலிருந்து முகடு வரை. இரண்டும் வேறு வேறு உயரம். பென்ச்மார்க் எது, அதாவது எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று எழுதாத உயரத்தை எங்கள் காலத்தில் ஃபீல்டு புத்தகத்திலேயே அனுமதிக்க மாட்டார்கள்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். அதே லேசர் தரவில் அந்தக் கறுப்புப் பட்டைமேல் விழுந்த புள்ளிகளையும், மேட்டுக்கு அந்தப் பக்கம் சமதளப் பனிமேல் விழுந்த புள்ளிகளையும் தனித்தனியாகச் சராசரி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 40 செ.மீ. பக்கம் வந்தால் கணக்கு முடிந்தது. அப்புறமும் 10 செ.மீ. இடிக்கும். அதற்குக் காரணம் லேசர். ஒரு புள்ளி தரையில் சுமார் 1 மீட்டர் அகலம், புள்ளிக்குப் புள்ளி இடைவெளியும் உண்டு. கூரான முகட்டின் உச்சிமேலேயே ஒரு புள்ளி விழுந்தால்தான் முழு உயரம் கிடைக்கும், பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித்தான் விழும். நிழல் அப்படியல்ல, உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றைக் கட்டியைக்கூட விடாமல் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். காற்று அள்ளிவந்த பனி மேட்டின் மறைவில் சாய்வாகக் குவிந்து கிடக்கும். நிழல் அந்தச் சாய்வின்மேல் ஏறினால் சீக்கிரம் முடிந்துவிடும், உயரம் குறைவாக வரும். ஆகவே ஒவ்வொரு நிழலுக்கும் முனை எதன்மேல் விழுகிறது என்று ஒரு பத்தி வைத்துக் குறித்துக்கொண்டே போங்கள்: பிளவு, சமதளம், சாய்வு, இன்னொரு மேடு. கடைசி இரண்டையும் உயரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முப்பரிமாண மாதிரி பற்றிக் கேட்டீர்கள். குவாரியில் நாம் என்ன செய்கிறோம்? நாலைந்து இடத்தில் கட்டுப்பாட்டுப் புள்ளி போட்டு, டிஜிபிஎஸ்ஸில் (நுணுக்கமான ஜிபிஎஸ்) ஆயத்தொலை எடுத்துவிட்டு, நிம்மதியாக ட்ரோனைப் பறக்க விடுகிறோம். பாறை எங்கேயும் ஓடாது. கடல்பனி ஓடும். விநாடிக்கு 20 செ.மீ. நகர்கிறது என்று வையுங்கள், ட்ரோன் 20 நிமிடம் பறந்து முடிக்கும்போது மொத்தத் தரையும் 240 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், திரும்பியும் இருக்கலாம். படத்தில் பதிந்த ஜிபிஎஸ் ஒன்று சொல்லும், படம் வேறொன்று சொல்லும், மென்பொருள் இரண்டையும் சமாதானப்படுத்தப் போய்த் தரையையே வளைத்துவிடும். பனிமேலேயே ஒரு ஜிபிஎஸ் பேஸ் வைத்து, எல்லாவற்றையும் அதற்குச் சார்பாக மாற்றினால்தான் சரிவரும். நீங்கள் எடுத்திருக்கும் விமானப் படங்களில் இந்தச் சிக்கல் குறைவு, அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே விநாடிக் கணக்கில்தான் இடைவெளி, அதற்குள் பனி பெரிதாக நகராது. ஆனால் மேகமூட்டத்தில் எடுத்த படங்களை வைத்து முயற்சி பண்ணாதீர்கள். எல்லாம் ஒரே வெள்ளை, மென்பொருள் பொருத்திப் பார்க்கப் புள்ளி கிடைக்காமல் தவிக்கும்.

படத்தின் ஓரத்தில் இருக்கும் மேடுகளையும் தவிர்க்கப் பாருங்கள். 460 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது நேர்கீழிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்கும் 2 மீட்டர் முகடு படத்தில் சுமார் 87 செ.மீ. வெளிப்புறமாகச் சாய்ந்து தெரியும். நிழலின் தொடக்கமே இடம் மாறினால் நீளம் எப்படிச் சரியாக வரும்?

பென்னாகரம் வாத்தியார் எழுதியது:

நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்துக்கொண்டே வந்தேன், மிக நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம் கேட்கலாமா? மேலே 2 மீட்டர் நிற்கும் ஒரு மேட்டை இவ்வளவு நுணுக்கமாக அளப்பதால் என்ன தெரியவருகிறது? கடலுக்கடியில் இருப்பதல்லவா பெரிது?

அரூர் டு கோவா எழுதியது:

ஐயா, சரியான இடத்தில் கேட்டீர்கள். நான் அரூர்க்காரி, இப்போது கோவாவில் துருவத் தரவுகளோடு வேலை செய்கிறேன்.

பனிப்பாளங்கள் காற்றாலும் நீரோட்டத்தாலும் நெருக்கப்படும்போது ஓரங்கள் நொறுங்கிக் கொஞ்சம் மேலேயும் பெரும்பகுதி கீழேயும் குவிகிறது. கீழே இருப்பதைக் கீல் என்பார்கள். ஓராண்டுப் பனியில் கீலின் ஆழம் மேலே தெரியும் உயரத்தைப் போல சராசரியாக 4.4 மடங்கு, பல ஆண்டுப் பழைய பனியில் 3.3 மடங்கு. ஆகவே 2 மீட்டர் முகடு என்றால் அடியில் 8, 9 மீட்டர் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. 40 மீட்டரைத் தாண்டிய கீல்களும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் இது சராசரி. ஒரு தனி மேட்டின் உயரத்தை 4.4ஆல் பெருக்கி இதுதான் ஆழம் என்று புராஜெக்டில் எழுதிவிட வேண்டாம், மேட்டுக்கு மேடு நிறைய மாறும். நிறைய மேடுகளைச் சேர்த்து ஒரு பகுதிக்கு மதிப்பிடத்தான் அது உதவும். பனியின் அடர்த்தியை மட்டும் வைத்து ஒன்பது மடங்கு என்று சிலர் போடுவார்கள், கீல் அகலமாகப் பரந்து கிடப்பதால் அவ்வளவு ஆழம் போகாது.

பயன் என்று பார்த்தால், மேலே நிற்பது காற்றைப் பிடிக்கிறது, கீழே தொங்குவது நீரோட்டத்தைப் பிடிக்கிறது. பனி எந்த வேகத்தில் எந்தப் பக்கம் நகரும் என்பது இந்த இரண்டையும் பொறுத்தது. எவ்வளவு மேடு, எவ்வளவு நெருக்கமாக என்று தெரியாமல் நகர்வைக் கணிக்கும் மாதிரிகள் சரியாக ஓடாது. மொத்தப் பனியின் கன அளவிலும் மேடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சமதளப் பனியை மட்டும் அளந்து கன அளவு போட்டால் குறைவாகத்தான் வரும். கப்பல்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915இல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் பனி நெருக்கித்தான் நொறுங்கி மூழ்கியது. 2022இல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். ஆர்க்டிக்கில் வளையக் கடல்நாய்கள் குட்டி போடுவதும் இந்த மேடுகளை ஒட்டிக் குவியும் பனிக்குள் குடைந்த வளைகளில்தான்.

பர்கூர்த் தம்பிக்கு இரண்டு விஷயம். எதை மேடு என்று எண்ணப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 0.6 அல்லது 0.8 மீட்டருக்குக் கீழே இருப்பதை விட்டுவிடுவது வழக்கம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முகடு இருந்தால், நடுப்பள்ளம் முகட்டின் உயரத்தில் பாதிக்காவது இறங்கினால்தான் இரண்டாக எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுதான். சிறு மேடுகள் ஏராளமாக இருக்கும், பெரியவை மளமளவென்று குறைந்துகொண்டே போகும். அதனால் எல்லையை 0.6இலிருந்து 0.8க்கு மாற்றினாலே சராசரி உயரமும் எண்ணிக்கையும் தலைகீழாகும். இதைச் சொல்லாமல் சராசரி கொடுத்தால் யாருடைய முடிவோடும் ஒப்பிட முடியாது.

இரண்டாவது, நிழல் முறைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. சூரியன் இருக்கும் திசையிலேயே நீளவாக்கில் ஓடும் மேடு பக்கவாட்டில் நிழலே போடாது. அப்படிப்பட்டவை உங்கள் எண்ணிக்கையிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். ஒரே பகுதியை வேறு நேரத்தில் பறந்து எடுத்த படம் இருந்தால் சேர்த்துப் பாருங்கள், அல்லது மேடுகளின் திசைப் பரவலைப் போட்டு, சூரியத் திசைக்கு இணையாக வரும் இடத்தில் மட்டும் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது பனியின் இயல்பு அல்ல.

செயற்கைக்கோள் பக்கமும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 பச்சை லேசரால் மேடுகளின் உயரத்தை வரிசையாக அளந்துகொண்டே போகிறது, ஆனால் அதன் ஒளிப்புள்ளி தரையில் சுமார் 11 மீட்டர் அகலம், உங்கள் படத்தின் நுணுக்கம் அதற்கு வராது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் என்ற இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோளின் ரேடாரிலும் மேடுகள் பளிச்சென்று தெரியக்கூடியவை. அது இடப்பக்கம் மட்டும் பார்ப்பதால் வடதுருவத்தைவிட அண்டார்டிகாவை நன்றாகக் காணும். முதுகலையோடு நிறுத்தாமல் மேலே படிக்கிற எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் நிறைய வேலை காத்திருக்கிறது.

பர்கூர் ட்ரோன் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வேயர் அண்ணா சொன்னபடி லேசர் புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டைக்கும் மறுபக்கச் சமதளப் பனிக்கும் வித்தியாசம் 0.41 மீட்டர். ஓசூர் நண்பர் சொன்ன திருத்தத்தோடு நிழல் உயரம் 2 மீட்டர், அதில் 0.41 போனால் 1.59. லேசரின் 1.5க்கும் இதற்கும் 9 செ.மீ. முகட்டைச் சுற்றி லேசர் புள்ளிகளைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால், அருகில் விழுந்த புள்ளி உச்சிக் கட்டியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது.

இனி ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு உயரம் எழுதப் போகிறேன், கடல் மட்டத்திலிருந்து ஒன்று, சமதளப் பனியிலிருந்து ஒன்று. அரூர் அக்கா சொன்னபடி எல்லை 0.6, 0.8 இரண்டுக்கும் தனித்தனியாக முடிவு கொடுக்கிறேன். திசைப் பரவலும் போடுகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. வைவாவில் உன் நிழல் அளவை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் லேசரைக் காட்டலாம், ஆனால் லேசரே முகட்டைத் தவறவிடுகிறதே. கையால் அளந்து சரிபார்த்ததாக ஏதாவது காட்ட முடியுமா? நான் ஆர்க்டிக் போக முடியாது.

பாலக்கோடு சர்வேயர் எழுதியது:

ஆர்க்டிக் போக வேண்டியதில்லை தம்பி, குவாரி கழிவுக்கல் மேடே போதும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் சூரியன் உதித்து முக்கால் மணி நேரத்தில் பறக்க விடுங்கள், நம் ஊரில் அப்போது உயரக் கோணம் 10 டிகிரி பக்கம் இருக்கும். இங்கே சூரியன் விறுவிறுவென்று ஏறும், நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் நேரத்தை வைத்துத் தனித்தனியாகக் கோணம் போடுங்கள், ட்ரோன் கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிக்சல் 10 செ.மீ. வருகிற மாதிரி படத்தின் நுணுக்கத்தைக் குறைத்துவிட்டு நிழலை அளங்கள். அப்புறம் டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) அதே உச்சிகளை எடுங்கள். நிழல் சமதளத்தில் விழுந்தவை, பள்ளத்தில் விழுந்தவை, சாய்வில் ஏறியவை என்று மூன்றாகப் பிரித்து வித்தியாசத்தை அட்டவணை போட்டால், எந்த வகை நிழலுக்கு எவ்வளவு பிழை என்று உங்கள் கையால் அளந்த எண் கிடைக்கும்.

ஓசூர் பிக்சல் எழுதியது:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல்மேட்டின் நிழல் கறுப்பு, பனியின் நிழல் நீலம் கலந்த சாம்பல், ஏனென்றால் நீல வானத்தின் ஒளியும், சுற்றியுள்ள வெள்ளையிலிருந்து சிதறும் ஒளியும் நிழலுக்குள் விழும். கல்லில் வேலை செய்த பிக்சல் வரம்பு பனியில் அப்படியே ஒத்துவராது. பாதி வழி விதியை ஒவ்வொரு நிழலுக்கும் அதன் உள்பக்க, வெளிப்பக்க மதிப்பிலிருந்தே கணக்கிடுங்கள். முதல் தொகுதி அட்டவணை தயாரானதும் இங்கேயே போடுங்கள், நானும் சில படங்களை எடுத்துத் தனியாக அளந்து பார்க்கிறேன், இருவர் அளவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் நீங்கள் புராஜெக்டில் சேர்க்கலாம்.